அலைக்குள் நாலெழுத்து

“ஒன் பேர எழுதிக்கோன்னு நீங்க சொல்றது எனக்குப் புரியுது அண்ணி. ஆனா நான் எழுதப் போறது அவன் பேர.”

“அவன் பேரா? அதத்தான் அந்த ஆளே தங்கச் சாயத்துல பெருசா எழுதி வச்சிருக்கான்னியே!”

“அது அவங்கம்மா வச்ச பேரு. நான் வைக்கப் போறது வேற.”

ருக்மணி நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். கமலவேணியின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ருக்மணிக்குப் பயமாக இருந்தது. கோபப்பட்டால் கமலவேணி கத்துவாள், தட்டைத் தள்ளுவாள், அழுவாள், அரை மணி நேரத்தில் சோறு கேட்பாள். இன்றைக்கோ கோடு போடுகிற பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து, மயிர் மயிராக நீவி, குழந்தைக்குத் தலை வாருவது போல வாரிக்கொண்டிருந்தாள்.

“எத்தன எழுத்து?” என்று கேட்டாள் ருக்மணி.

“நாலு.”

ருக்மணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஏகாம்பரத்துக்குப் பொருந்துகிற நாலெழுத்து எது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. மலாக்காவின் காஜா பேராங்கில் தமிழ் படிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கியிருக்கும். பிரச்சினை என்னவென்றால், விளங்கியும் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். காஜா பேராங் சாலையில் ஏகாம்பரத்துக்கு ஒரு பேர்ப்பலகைக் கடை. கடைக்காரர்கள் வெயிலுக்கு அஞ்சடியில், அதாவது கடை முன்னாலிருக்கும் நடைபாதையில், தொங்கவிடுகிற மூங்கில் தட்டிகளிலும் அங்கேதான் சாயம் அடித்துப் பேர் எழுதுவார்கள். தட்டி பின்னுவது நல்லையா, எழுதுவது கமலவேணி. அவள் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சீனன் கடை, மலாய்க்காரர் கடை, செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கி என்று மலாக்காவில் பாதித் தட்டிகளில் இருப்பது அவள் கைதான். ஆனால் எந்தத் தட்டியின் மூலையிலும் அவள் பேர் கிடையாது. எழுதுகிறவர் பேரைப் போடுவது அந்தத் தொழிலில் வழக்கமில்லை. அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை, அந்த ஜூன் மாதம் வரைக்கும்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், எழுத்துக்குப் பின்னணியாக மேலிருந்து கீழாக நீலக் கோடுகள் இழுத்து வைத்திருந்த பலகை ஒன்று சுவரில் பக்கவாட்டில் கொஞ்சம் சரிந்து நின்றது. அதற்கு முன்னால் நல்லையா ஒரு தட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார், குச்சிகளெல்லாம் செங்குத்தாக நிற்கிறபடி. கமலவேணி தண்ணீர் குடிக்கக் குறுக்கே நடந்தாள். நடந்தவள் அப்படியே நின்றாள். திரும்பி நடந்தாள். மறுபடியும் நடந்தாள்.

“அண்ணே! நல்லையாண்ணே! இங்க வாங்க! இது நவுருது!”

“எது?”

“பலகைக்குள்ள தண்ணி ஓடுது!”

நல்லையா பார்த்தார். தட்டிக்குப் பின்னால் அகலமான நீலப் பட்டைகள் படுக்கையாகத் தெரிந்தன. அவள் பலகையில் அப்படி ஒரு பட்டையையும் வரையவில்லை, வரைந்ததெல்லாம் கால் அங்குலக் கோடுகள். இரண்டு எட்டு எடுத்து வைத்தால் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன, கிளேபாங் கடற்கரையில் அலை வருவதைப் போலவே.

“பேய் புடிச்சிருக்கு,” என்றார் நல்லையா.

“பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பாருங்க, குச்சி நேரா நிக்குது, கோடு சாஞ்சு நிக்குது. சந்துல கோடு விழுந்தா நீலம். குச்சிக்குப் பின்னால கோடு மறைஞ்சா வெள்ளை. நாம நடந்தா எது மறையுது எது தெரியுதுன்னு மாறிக்கிட்டே வருது. அவ்ளோதான்!”

அவ்வளவுதான் என்று சொன்னாளே தவிர, அடுத்த மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு சாய்த்தால் எத்தனை அலை, தட்டிக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டால் அலை வேகமாக வரும், கோட்டை லேசாக வளைத்தால் அலை எப்படி நெளியும் என்று பழைய பலகைத் துண்டுகளில் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஆறடி உயரத்துக்கு மூன்று அங்குலம் சாய்த்தால் சரியாக ஆறு அலை. நடுவில் நாலு அங்குல இடம். குச்சிகளுக்கு வெள்ளைச் சாயம். எல்லாவற்றையும் சரிபார்த்து, இரண்டடி மாதிரி ஒன்று செய்து, ஓடிப்போய் முதலாளியிடம் காட்டினாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

ஏகாம்பரம் மாதிரிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் பத்துத் தடவை நடந்தார். பிறகு, “நல்லாருக்கு, வச்சுட்டுப் போ” என்றார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம். காஜா பேராங் சாலை முகப்பில் பெரிய அலங்காரம் வைப்பதென்று அக்கம்பக்கத்து மக்களெல்லாம் சேர்ந்து ஒரு குழு போட்டிருந்தார்கள். செயலாளர் அடைக்கப்பச் செட்டியார். அந்தக் குழுவின் முன்னால் மாதிரியைக் கொண்டுபோய் வைத்து, “சாமி கனவுல வந்து வேலால கோடு கிழிச்சுக் காட்டுனாரு. முழிச்சு எந்திரிச்சு அப்படியே வரைஞ்சேன்” என்று ஏகாம்பரம் சொன்னார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசி வாழும் தமிழ் வழியினரான சிட்டி வீட்டுப் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டடிக்கு ஆறடியில் மலாக்கா கடலையே செய்து வைப்பதென்று முடிவாயிற்று.

மறுநாள் காலை கமலவேணி நேரே கோப்பிக்கடைக்குப் போனாள். ஏகாம்பரம் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து கனவை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மயிலும் வந்திருந்தது.

“மொதலாளி, அது நான் செஞ்சது.”

ஏகாம்பரம் கோப்பியைச் சாசரில் ஊற்றி நிதானமாக உறிஞ்சினார்.

“கேட்டீங்களாய்யா? சோத்த ஆக்குனது நான்தான்னு சட்டி வந்து சொல்லுது!”

கடை சிரித்தது. கமலவேணி நல்லையாவைப் பார்த்தாள். அவரும் அங்கேதான் இருந்தார். “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க பாத்தீங்கல்ல?”

நல்லையா தன் கோப்பிக் கோப்பைக்குள் ஏதோ தொலைந்துபோனதைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

“இந்தப் புள்ளைய ஏன் கடைய விட்டு அனுப்பப் போறேன் தெரியுமா?” என்றார் ஏகாம்பரம். அனுப்பப் போவதே அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “ரெண்டு நல்ல பிரஷக் காணோம். சீமையிலருந்து வந்த பிரஷ். சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். பொம்பளப் புள்ளையாச்சே. ஆனா திருடுறதுக்கு ஒரு அளவு வேணாம்? மொதல்ல பிரஷு, இப்ப என் கனவையே திருட வந்துட்டா!”

அதற்கும் கடை சிரித்தது. முதல் சிரிப்பைவிடப் பலமாகவே சிரித்தது.

அதற்கப்புறம் அவள் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தச் சிரிப்பு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. உஜோங் பாசிரில் ஒரு பலகைக்கடைக்காரர் அவள் எழுத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். பேரைக் கேட்டதும், “ஓ, அந்தப் புள்ளையா? இங்க சாமானெல்லாம் தொறந்து கெடக்கும்லா,” என்றார். புக்கிட் ரம்பாய்க்கு சைக்கிளில் போனாள். அங்கேயும் அதே பேச்சு. வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தியவள் அன்று அழவில்லை. “அண்ணி, அவன் வாயாலயே ஒத்துக்கணும். இல்லன்னா அவன் தல நிமிரக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடக்காம நான் விடமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

இங்கேதான் ஏகாம்பரத்தின் கை அவருக்கே எமனாக வந்தது. முப்பது வருஷமாகப் பேர்ப்பலகை எழுதுகிறவர். கோடு இம்மி சாய்ந்தாலும் அவருக்குப் பல் கூசும். தூக்குக்குண்டு இல்லாமல் அவர் ஒரு கோடும் இழுத்ததில்லை. மாதிரியைப் பார்த்துப் பெரிய பலகைக்கு மாற்றியபோது, கோடுகளெல்லாம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். ‘அரைகுறை வேலை’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருநூற்றெண்பத்தெட்டுக் கோடுகளையும் குண்டு கட்டி, அப்பழுக்கில்லாமல், நேர் செங்குத்தாக இழுத்துத் தள்ளினார். அவ்வளவு நேரான கோடுகளை மலாக்கா அதற்கு முன் கண்டதில்லை.

ஆகஸ்ட் நடுவில் குழு பார்வையிட வந்தது. முன்னால் தட்டியைக் கட்டினார்கள். அடைக்கப்பச் செட்டியார் குறுக்கே நடந்தார். பலகை மொத்தமும் நீலமானது. இன்னும் இரண்டு எட்டு வைத்தார். மொத்தமும் வெள்ளையானது. அலையும் இல்லை, கடலும் இல்லை.

“என்னய்யா இது, ஜெயில் கதவு மாதிரி இருக்கு?” என்றார் செட்டியார். “சுதந்திரத்துக்கு ஜெயில் கதவ வச்சா பாக்குறவன் என்ன நெனப்பான்? சாமி ஒங்க கனவுல ஒழுங்காத்தான் வந்தாரா?”

ஏகாம்பரம் இரண்டு நாள் பலகையோடு மல்லுக்கட்டினார். தட்டியை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார், தலைகீழாகக் கட்டினார். மாதிரியில் அலை வருகிறது, பெரிதில் வரவில்லை. சாய்வுதான் உயிர் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் நாள் நல்லையா கமலவேணி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மொதலாளி வரச் சொன்னாரும்மா.”

“எதுக்கு? இன்னும் ரெண்டு பிரஷக் காணோமா?”

நல்லையா தலையைச் சொறிந்தார். “பேர் போடுறேன்னு சொல்லச் சொன்னாரு. ஒம் பேரையும் சேத்து. ஊரு முன்னால.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் போனாள். ஏகாம்பரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, “பழசெல்லாம் மறந்துரும்மா, நாம ஒரே குடும்பம்,” என்றார். காணாமல்போன பிரஷ்கள் சாய டப்பாவில் நின்றுகொண்டிருந்தன. அவள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பின்கட்டில் சாயம் எடுக்கப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு பேர்ப்பலகை. திருப்பினாள். தங்க எழுத்து காய்ந்து நான்கு நாளாவது ஆகியிருக்கும். ‘ஆக்கம்: ஓவியச் செம்மல் ஏகாம்பரம்.’ அதற்குக் கீழே ஒரு எறும்பு உட்காரக்கூட இடம் விடவில்லை.

“மொதலாளி, என் பேரு?”

“அட, எடம் பத்தலம்மா. அடுத்த வருஷம் பெருசாப் போட்டுருவோம்.”

“சுதந்திரம் அடுத்த வருஷமும் வருமா மொதலாளி?”

ஏகாம்பரம் சிரித்தார். “வாய் கொறையவே இல்ல ஒனக்கு.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாய டப்பாவை எடுத்தாள். அன்று சாயங்காலம் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த ருக்மணியிடம்தான் அந்த நாலெழுத்து விவரத்தைச் சொன்னாள்.

“யோசிச்சுப் பாருடி,” என்றாள் ருக்மணி. “அதே எடத்துல ‘கமலவேணி’ன்னு வந்துச்சுன்னு வச்சுக்க. ஊரே வாயப் பொளக்கும். யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சு போகும். எதுக்கு அந்தக் கழுதையப் பத்தி எழுதணும்?”

“என் பேர எழுதுனா அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? ‘பாருங்கய்யா, எடுபிடி வேல செஞ்ச புள்ளைக்குக்கூட நான் எவ்ளோ மரியாத குடுக்குறேன்’பான். அதுக்கும் அவனுக்குத்தான் மால போடுவாங்க. வேணாம் அண்ணி. எனக்கு அவன் மூஞ்சி செத்துப் போறதப் பாக்கணும்.”

பத்து நாள் வேலை. பலகையை வெள்ளையடித்துத் தரையில் படுக்கப் போட்டு, முதல் கோட்டிலிருந்து சாய்த்து இழுத்தாள். எழுத்து விழ வேண்டிய இடம் வந்ததும் கோட்டை அங்கே நிறுத்தி, கால் அங்குலம் நகர்த்தி, மறுபடி தொடர்ந்தாள். எழுத்தின் மறுகரை வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினாள். அந்தக் கால் அங்குலத்தில்தான் எல்லாம் இருந்தது. வெளியே கோடு சந்தில் விழும்போது எழுத்துக்குள் கோடு குச்சிக்குப் பின்னால் போய்விடும். அலை நீலமாகிற இடத்தில் எழுத்து வெள்ளையாகும், அலை வெளுக்கிற இடத்தில் எழுத்து நீலமாகும். பலகையை மட்டும் பார்த்தால் நூற்றுக்கணக்கான கோடுகள் அங்கங்கே உடைந்து நெளிகின்றன, அவ்வளவுதான். கண்ணை இன்னும் குழப்ப, எழுத்தே இல்லாத இடங்களிலும் நாற்பது ஐம்பது உடைசல்கள் வைத்தாள்.

ஐந்தாம் நாள் ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையின் மேல் குனிந்தார்.

“இதென்ன, கோடெல்லாம் நடுவுல ஒடஞ்சு ஒடஞ்சு போவுது?”

“அலைன்னா ஒடயும்ல மொதலாளி.”

“பாக்க அசிங்கமா இருக்கே. நான் வேணா நேரா இழுத்து உட்டுறட்டுமா?”

அவள் பிரஷை அவர் பக்கமாக நீட்டினாள். “இழுங்க. போன தடவ மாதிரி.”

ஏகாம்பரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போன தடவை செட்டியார் பார்த்த பார்வை அவருக்கு இன்னும் மறக்கவில்லை. “வேணாம் வேணாம். நீயே பாத்துக்க,” என்று முன்கட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பலகைப் பக்கமே அவர் வரவில்லை. தட்டியைக் கட்டி ஒத்திகை பார்த்திருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. தட்டிக்கு மறுபடி அடித்த வெள்ளைச் சாயம் காயவே மாட்டேன் என்றது. முப்பதாம் தேதி மத்தியானம்தான் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தது. ஏகாம்பரம் அப்போது தையற்கடையில் புதுக் கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலை முகப்பில் கம்பம் நட்டு, பலகையை ஏற்றி, நல்லையா தட்டியைக் கட்டினார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். இடது பக்கம் நாலு எட்டு. வலது பக்கம் நாலு எட்டு. கமலவேணி ஏணியில் இருந்தபடி அவரையே பார்த்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும். தையற்கடை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

நல்லையா மெதுவாக ஏணியடிக்கு வந்தார்.

“கமலா.”

“என்னண்ணே?”

“கடைசி எழுத்துக்கு மேல புள்ளி வைக்கலயே.”

அவள் தையற்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“புள்ளி இல்லாட்டியும் படிக்கலாம்தான்,” என்றார் நல்லையா. பிறகு தார்ப்பாயை எடுத்து, பலகை முழுக்க மூடி, மழைக்கு இறுக்கிக் கட்டுவதற்குத் தேவைப்பட்டதைவிட நாலு முடிச்சு அதிகமாகவே போட்டார். “நாளைக்குத் தொறக்குற வரைக்கும் எவனும் கை வைக்கப்படாது. ஈரம் ஏறிரும்னு மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

மறுநாள் மாலை நான்கு மணிக்கு காஜா பேராங் சாலையில் எள் போட்டால் கீழே விழாது. சிட்டி வீட்டுப் பெண்கள் கெபாயாச் சட்டை உடுத்தி வந்திருந்தார்கள். சீனக் கடைக்காரர்கள் பட்டாசோடு வந்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. கோப்பிக்கடையில் சிரித்த பத்துப் பேரும் முன்வரிசையில் நின்றார்கள். ஏகாம்பரம் புதுக் கோட்டும் மாலையுமாகப் பலகைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் தலைக்கு நேர் மேலே தங்க எழுத்தில் அவர் பேர்.

நகரசபை அதிகாரி ஒருவர், மலாய்க்காரர், சிறப்பு விருந்தினர். அவர் கயிற்றை இழுத்தார். தார்ப்பாய் சரிந்தது.

கடல் வந்தது. காற்றில்லை, தண்ணீர் இல்லை, ஒரு ஆணிகூட அசையவில்லை, ஆனால் கூட்டம் அசைய அசைய அலை எழுந்து எழுந்து வந்தது. “சாந்தேக்! சாந்தேக்!” என்று மலாய்க்காரர்களும் சிட்டி வீட்டுக்காரர்களும் அழகை மெச்சிக் கை தட்டினார்கள். பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி அலையை வரவழைத்தார்கள். ஏகாம்பரம் இரண்டு கையையும் கூப்பி, இடது பக்கம் ஒரு கும்பிடு, வலது பக்கம் ஒரு கும்பிடு போட்டார். பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, ‘எல்லாம் நம்ம கைவேலை’ என்பது போலக் கையைத் தூக்கிப் பலகையைக் காட்டினார்.

அவர் கை காட்டிய இடத்தில், மூன்றடி உயர எழுத்தில், அலையோடு அலையாக நெளிந்துகொண்டு தெரிந்தது: திருடன்.

தமிழ் படித்தவர்கள் பக்கம் முதலில் கைதட்டல் நின்றது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் எவனோ ஒருவன் தாங்க முடியாமல் வாய்விட்டுப் படித்துவிட்டான். அவ்வளவுதான், மடை திறந்தது. தலைக்கு மேலே பேர், பேருக்கு மேலே பட்டம், நடுவில் மாலையோடு ஆள்! சிரிப்பு வந்த வேகத்தில் ஒரு பாட்டாளி சைக்கிளோடு சாய்ந்தார். தமிழ் தெரியாத முக்கால்வாசிக் கூட்டம் இது ஏதோ சந்தோஷச் சிரிப்பு என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டியது. ஏகாம்பரம் இன்னும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார். கமலவேணி கூட்டத்தின் நடுவில் நின்று அந்தக் கும்பிடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று.

அதிகாரிக்கு ஒரே உற்சாகம். நகரசபைக் கூடத்துக்கும் இதே போல ஒன்று வேண்டும், செய்தவர் யாரோ அவரே வந்து செய்து தரட்டும் என்று செட்டியாரிடம் மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு, “அலைக்கு நடுவில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். செட்டியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, “அத ஏகாம்பரமே சொல்லட்டும்” என்றார்.

அப்போதுதான் ஏகாம்பரம் திரும்பினார்.

படித்தார். ஒரு எட்டு நகர்ந்து மறுபடி படித்தார். எழுத்து நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாறியதே தவிர, சொல் மாறவில்லை. அவர் முகத்தில் ரத்தம் இறங்குவதைக் கமலவேணி நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் பார்த்தாள். ஒரு துளி விடவில்லை.

“நான் செய்யல!” என்று கத்தினார் ஏகாம்பரம். “ஐயா, சத்தியமா இது நான் செய்யல! எல்லாம் அந்தக் கமலவேணி! ஒவ்வொரு கோடும் அவ போட்டது! சாமியும் வரல, கனவும் வரல, மொதமொத கண்டுபிடிச்சதே அவதான்! எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது! கேளுங்க, நல்லையாவக் கேளுங்க!”

கோப்பிக்கடைப் பத்துப் பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். செட்டியார் அவள் பக்கம் வந்தார். சிரிப்பெல்லாம் போய், கனிவாகக் கேட்டார்.

“என்னம்மா, அவர் சொல்றது நெசமா? இத நீதான் செஞ்சியா? பயப்படாத. அந்த நாலெழுத்த நான் பாத்துக்கறேன், அழிச்சுட்டாப் போச்சு. நீதான்னா ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. நகரசபை வேல ஒனக்குத்தான். ஒம் பேரு போட்டே வைப்பாங்க.”

ருக்மணி பின்னாலிருந்து அவள் முதுகில் குத்தினாள். “சொல்லுடி! ஆமான்னு சொல்லுடி!”

இரண்டு மாதமாக அவள் கேட்டது இந்த வார்த்தைகளைத்தான். அவன் வாயாலேயே வந்துவிட்டது, ஊரே கேட்டுவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று சொல்வதற்காக, கரையேறக் கயிறு தேடுகிறவனைப் போல அந்த முகம் ஏங்கிக்கொண்டிருந்தது. அவள் ஆமாம் என்றால், அது அவள் எழுதிய பொய். கோபக்காரப் பெண் ஒருத்தி கிறுக்கியது. ஒரு வாளி வெள்ளைச் சாயத்தோடு போய்விடும்.

“நானா? எனக்கு என்ன தெரியும் செட்டியாரே,” என்றாள் கமலவேணி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. “செஞ்சவங்க பேருதான் பலகையிலயே இருக்கே. அவங்களப் பத்திச் சாமியே எழுதிக் குடுத்திருப்பாரு.”

சாலை வெடித்தது. செட்டியார் நல்லையாவைப் பார்த்தார். நல்லையா இந்தத் தடவை குனியவில்லை. “அந்தப் புள்ள கடைய விட்டுப் போயி ரெண்டு மாசமாச்சே” என்றார், கண் சிமிட்டாமல்.

தீபாவளிக்கு முன்பே ஏகாம்பரம் கடையைச் சாத்திவிட்டுச் சிரம்பானுக்குப் போய்விட்டார். அவர் தெருவில் இறங்கினால் பள்ளிப் பிள்ளைகள் ஒன்றும் பேசுவதில்லை, கையை மட்டும் அலை மாதிரி ஆட்டிக் காட்டுவார்கள். நகரசபைக் கூடத்துக்குக் கடல் வரவே இல்லை. செய்யத் தெரிந்தவர் யாரென்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

ருக்மணி மூன்று நாள் நாத்தனாரோடு பேசவில்லை. நாலாம் நாள் சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தியபடி கேட்டாள்.

“பேரு தானா நடந்து வந்து எதிர்ல நின்னுச்சு. வெரட்டி விட்டுட்டியே. ஒனக்குக் கொஞ்சங்கூட வலிக்கலயா?”

“வலிக்குது அண்ணி.”

“அப்புறம் ஏன்டி?”

“நான் ஆமான்னு சொல்லியிருந்தா எனக்குப் பேரு வந்திருக்கும். அவன விட்டு அந்த நாலெழுத்துப் பேரு போயிருக்கும்,” என்றாள் கமலவேணி. பிறகு சோற்றைப் பிசைந்து, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ருக்மணி சாகும்வரைக்கும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நல்லையாவோ, அதைவிடச் சரியான பதில் உலகத்திலேயே கிடையாது என்பார். இருவரும் பார்க்கும்போதெல்லாம் இதே சண்டைதான். சரி, அந்தச் சாலையில், அத்தனை பேர் நடுவில், செட்டியார் உங்கள் முன்னால் வந்து நின்று கேட்டிருந்தால், ஒன்றுதான் கிடைக்கும், இரண்டும் கிடைக்காது என்றால், நீங்கள் எதைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள், உங்கள் பேரையா, அவன் பேரையா? சொல்லுங்களேன்?